தோளில் ஒரு துண்டு

அக்கா மகள் எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தோம். திடீரென்று கேட்டாள்: "மாமா, '1984' நாவல்ல வர்ற இங்சாக் கொள்கை பத்தி செமினார் எடுக்கணும். புத்தகத்தை ரெண்டு தடவை படிச்சிட்டேன். அந்தக் கொள்கை என்னதான் சொல்லுதுன்னு எங்கேயுமே வரலையே. நான் எதையாவது விட்டுட்டேனா?"

விடவில்லை. இத்தனை வருடத்தில் அந்தப் புத்தகத்தைப் பற்றி என்னிடம் பேசியவர்கள் எல்லோரும் அதில் ஆளை வேவு பார்க்கும் கேமராவைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள். கொள்கை எங்கே என்று தேடிப் பார்த்தவள் இவள் ஒருத்திதான்.

படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம். ஜார்ஜ் ஆர்வெல் 1949-ல் வெளியிட்ட '1984' நாவலில் ஓஷியானியா என்றொரு வல்லரசு வருகிறது. இங்கிலாந்து அதில் ஒரு மாகாணம், அவ்வளவுதான். அதன் பெயரையே மாற்றி 'ஏர்ஸ்ட்ரிப் ஒன்' என்று விமானம் இறங்கும் இடமாக்கிவிட்டார்கள். அந்த நாட்டின் அதிகாரபூர்வக் கொள்கைக்குப் பெயர் இங்சாக். 'இங்கிலீஷ் சோஷலிசம்' என்பதன் சுருக்கம். உச்சியில் பெரியண்ணன். அவர் நிஜமாகவே ஓர் ஆள்தானா என்பதுகூட யாருக்கும் தெரியாது. அவருக்குக் கீழே உள்கட்சி, மக்கள்தொகையில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. அப்புறம் வெளிக்கட்சி, குமாஸ்தா வேலையெல்லாம் இவர்கள் தலையில். மிச்சமுள்ள 85 சதவீதம் பேர் உழைத்துச் சாகும் சனங்கள், அவர்களைக் கட்சி ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. கட்சிக்கு மூன்று கோஷம்: போரே அமைதி. விடுதலையே அடிமைத்தனம். அறியாமையே வலிமை.

எழுதியவர் நமக்கு ரொம்ப அந்நியர் இல்லை. 1903-ல் பீகாரின் மோதிஹாரியில் பிறந்தவர். அப்பாவுக்கு ஆங்கில அரசின் அபின் துறையில் உத்தியோகம். மகன் 1922 முதல் 1927 வரை பர்மாவில் போலீஸ் அதிகாரி. அரசாங்கம் எப்படி வேலை செய்கிறது என்பதை உடுப்பு மாட்டிக்கொண்டு உள்ளேயிருந்து பார்த்தவர்.

அவள் கேள்விக்கு வருகிறேன். நாவலுக்குள்ளேயே ஒரு தடைசெய்யப்பட்ட புத்தகம் வருகிறது. சோஷலிசம் எதற்காகத் தொடங்கியதோ அந்தக் கொள்கைகள் அத்தனையையும் சோஷலிசத்தின் பெயராலேயே கட்சி காலில் போட்டு மிதிக்கிறது என்று அது சொல்கிறது. தொழிலாளியைக் கேவலமாகப் பேசிக்கொண்டே, தொழிலாளி போடும் உடுப்பைக் கட்சிச் சீருடையாக மாட்டிக்கொள்கிறார்களாம். கதாநாயகன் வின்ஸ்டன் ஸ்மித்துக்கும் இவளுடைய சந்தேகம்தான்: எப்படிச் செய்கிறார்கள் என்பது புரிகிறது, ஏன் என்பது புரியவில்லை. கடைசியில் சித்திரவதைக் கூடத்தில் உள்கட்சிக்காரன் ஓ'பிரையன் பதில் சொல்கிறான். அதிகாரம் வேண்டும், அதற்காகவே அதிகாரம் வேண்டும், வேறொன்றும் இல்லை. ஆக, மூடியைத் திறந்து பார்த்தால் காலி டப்பா.

"அப்போ செமினார்ல போய் ஒண்ணுமில்லன்னு சொல்லவா?" என்றாள்.

ஒன்றுமில்லாததைக் காப்பாற்ற எத்தனை பேர் தினமும் வேலைக்குப் போகிறார்கள் என்பதைச் சொல் என்றேன். இங்சாக்கை ஒரு மதம் மாதிரி நினைத்துப் படித்தால் பிடி கிடைக்காது. அது ஓர் ஆபீஸ். மேசை இருக்கிறது, கேன்டீன் இருக்கிறது, மதியச் சாப்பாட்டுக்கு வரிசை இருக்கிறது.

கேமராவை நான் ஏன் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்றால், நான் புதுச்சேரிக்காரன். பாரதி 1908-ல் இங்கே வந்ததிலிருந்து 1918-ல் கிளம்பும் வரை ஆங்கில அரசின் ஒற்றர்கள் அவரை மோப்பம் பிடித்துக்கொண்டேதான் இருந்தார்கள். கடைசியில் பிரெஞ்சு எல்லையைத் தாண்டியதும் கடலூருக்கருகே பிடித்துக் கடலூர்ச் சிறையிலேயே போட்டார்கள். அந்தப் பத்து வருடத்தில்தான் மனுஷன் தன்னுடைய ஆகப் பெரிய கவிதைகளை எழுதிமுடித்தார். வேவு பார்ப்பதால் மட்டும் ஒருவனை நிறுத்திவிட முடியாது. அவன் எழுதியதை இன்னொருவன் உட்கார்ந்து திருத்த வேண்டும். இங்சாக்குக்கு இது தெரியும்.

வின்ஸ்டனின் வேலை அதுதான். உண்மை அமைச்சகத்தில் ஆவணப் பிரிவு. பழைய பத்திரிகைகளை எடுத்து, இன்றைக்குத் தோதாக மாற்றி, பழைய தேதியிலேயே மறுபடி அச்சடிக்க அனுப்புவது. ஓர் உதாரணம் மட்டும் சொல்கிறேன். 1984-ல் சாக்லேட் ரேஷனைக் குறைக்க மாட்டோம் என்று பிப்ரவரியில் அரசு உறுதி கொடுத்திருக்கிறது. இப்போது வாரத்துக்கு 30 கிராமிலிருந்து 20 ஆகக் குறைக்கப் போகிறார்கள். வின்ஸ்டன் அந்த உறுதிமொழியை எடுத்துவிட்டு, 'ஏப்ரலில் குறைக்க வேண்டி வரலாம்' என்று முன்பே எச்சரித்த மாதிரி எழுதி வைக்கிறான். கொஞ்சம் பொறுத்தால் தொலைத்திரையில், அதாவது ஆளை வேவும் பார்க்கும் அந்த டி.வி.யில், செய்தி வருகிறது: ரேஷனை 20 கிராமாக உயர்த்தியதற்குப் பெரியண்ணனுக்கு நன்றி சொல்லி ஊர்வலமாம். குறைப்பதாக அறிவித்தது முந்தின நாள்தான். கேன்டீனில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் அதையும் சோற்றோடு சேர்த்து விழுங்கிவிடுகிறான்.

இதைவிட எனக்கு உறுத்துகிற இடம் அடுத்தது. கட்சி துரத்திவிட்ட ஒருவரைப் பற்றிய பழைய செய்தியை அழிக்க வேண்டும். அந்த இடத்தை நிரப்ப வின்ஸ்டன் ஓர் ஆளையே உருவாக்குகிறான், தோழர் ஓகில்வி. பிறக்கவே பிறக்காத அந்த ஓகில்வி மூன்று வயதில் மேளமும் துப்பாக்கியும் பொம்மை ஹெலிகாப்டரும் தவிர வேறு எதையும் கையில் வாங்க மாட்டானாம். பதினோரு வயதில் சொந்த மாமாவையே சிந்தனைப் போலீஸிடம் காட்டிக்கொடுத்தானாம். இருபத்து மூன்றில் போரில் வீரமரணம். இதையெல்லாம் வின்ஸ்டன் பயந்து நடுங்கிக்கொண்டு எழுதவில்லை. ரசித்து எழுதுகிறான். அவன் வாழ்க்கையிலேயே பெரிய சந்தோஷம் அவனுடைய வேலைதான் என்று ஆர்வெலே சொல்கிறார். கட்சியை மனதுக்குள் வெறுக்கிறவன், ரகசியமாக டைரி எழுதுகிறவன், ஆபீஸ் மேசையில் உட்கார்ந்ததும் கைவினைஞன் ஆகிவிடுகிறான்.

ரோமன் ரோலண்ட் நூலகத்தில் எடுத்துப் படித்தபோது இந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போனேன். காரணம் இருக்கிறது.

இருபது வருடத்துக்கு முன் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு டி.டி.பி. கடையில் வேலை. தினமும் புதுச்சேரியிலிருந்து பஸ். முள்ளோடையில் எல்லை தாண்டி, பெண்ணையாற்றுப் பாலத்தில் காற்று வாங்கிக்கொண்டு போய் இறங்கினால் ராத்திரி கடைசி பஸ் வரைக்கும் வேலைதான். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர். நடுநடுவே யாராவது மலர் போடுவார்கள். மலர் என்றால் பத்து நாள் தூக்கம் போய்விடும்.

ஒரு சங்கம், பெயர் வேண்டாம். வெள்ளிவிழா மலர். வேலை முக்கால்வாசி முடிந்த நேரத்தில் உள்ளுக்குள் சண்டை. இருபது வருடம் செயலாளராக இருந்தவர் வெளியே போய் எதிர் அணி கட்டிவிட்டார். புதுத் தலைவர் கடைக்கு வந்தார். என் முதுகுக்குப் பின்னால் நின்று மானிட்டரில் விரலை வைத்தார். "தம்பி, ரெண்டாவது வரிசைல நாலாவது ஆளு வேணாம்."

முதலில் கட்டுரையைச் சரிசெய்தேன். 'செயலாளர் ஊர் ஊராக நிதி திரட்டிக் கட்டடம் கட்டினார்' என்று இருந்தது. 'கட்டடம் கட்டப்பட்டது' என்று மாற்றினேன். தலைவருக்குத் திருப்தியில்லை, யாரால் என்று படிப்பவன் கேட்பானே என்றார். நியாயமான பயம்தான். கொஞ்சம் யோசித்து, 'கட்டடம் எழுந்தது' என்று போட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. எழுந்தது என்றால் யாரும் யாரையும் கேட்கப் போவதில்லை. கட்டடம் பாட்டுக்குப் படுத்திருந்தது, எழுந்து நின்றுவிட்டது. தமிழ் இலக்கணத்தில் இப்படியும் ஒரு வசதி.

போட்டோதான் தலைவலி. ஆளை எடுப்பது பெரிய காரியமில்லை. பின்சுவரின் பச்சை பெயின்டை நகலெடுத்து ஃபோட்டோஷாப்பில் மேலே பூசினேன், மூன்றாவது ஆளையும் ஐந்தாவது ஆளையும் கொஞ்சம் நெருக்கி நிறுத்தினேன். கீழே 'இடமிருந்து வலம்' பட்டியலில் ஒரு பெயரை அழித்தேன். நிமிர்ந்து பார்த்தால், பொருளாளர் தோளில் ஒரு கை. ஆள் போய்விட்டார், நாலு விரலும் கொஞ்சம் புறங்கையும் மட்டும் தோளைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பொருளாளர் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தார். கட்டம் போட்ட துணியில் ஒட்டுப்போட்டவர்களுக்குத் தெரியும், எந்தப் பக்கம் இழுத்தாலும் கோடு சேராது. இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டினேன். சேரவில்லை.

ராத்திரி ஒரு மணி இருக்கும். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர் சிவப்புக் கரை போட்ட வெள்ளைத் துண்டு போட்டிருந்தார். அதை வெட்டி, அளவு மாற்றி, கொஞ்சம் வளைத்து, பொருளாளர் தோளில் போட்டேன். விரல்கள் மறைந்துவிட்டன. துண்டுக்குக் கீழே மெல்லிசாக ஒரு நிழலும் கொடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன், சின்னதாக்கிப் பார்த்தேன். துண்டு அங்கே பிறந்து வளர்ந்த மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷம் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. வெளியே போய் டீ குடித்தேன். முதலாளி மறுநாள் தோளில் தட்டி நூறு ரூபாய் சேர்த்துக் கொடுத்தார். செயலாளரை நான் அதற்கு முன் பார்த்ததுகூட இல்லை. அவர் மேல் கோபமும் இல்லை, தலைவர் மேல் பக்தியும் இல்லை.

சோவியத் ரகசியப் போலீஸின் தலைவராக இருந்த எழோவ் ஒரு கால்வாய்க் கரையில் ஸ்டாலினோடு நிற்கிற படம் உலகத்துக்கே தெரியும். எழோவ் பதவியிழந்து 1940-ல் சுட்டுக்கொல்லப்பட்ட பின், அதே படத்தில் அவர் நின்ற இடத்தில் தண்ணீர் ஓடுகிறது. அந்தத் தண்ணீரை வரைந்தவன் யாரென்று யோசிப்பேன். அலை சரியாகச் சேர்ந்ததும் அவனும் போய் ஒரு டீ குடித்திருப்பான்.

சரி, கடற்கரைக்கு வருகிறேன். இரட்டைச் சிந்தனை பற்றிக் கேட்டாள். ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொண்டு இரண்டையும் நம்புவது. "அரசியல்வாதிங்க எல்லாருமே அப்படித்தானே மாமா?" என்றாள். இல்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த சாலையின் பெயரையே எடுத்துக்கொள்ளச் சொன்னேன். குபேர் சாலை. அவள் அதுவரை ஏதோ குபேரன் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்! எதுவார் குபேர், பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சியின் தலைவர். 1954 தொடக்கம் வரை பிரான்சின் பக்கம் நின்றவர், அந்த மார்ச்சில் இந்தியாவோடு இணைய வேண்டும் என்ற பக்கம் வந்தார். நெட்டப்பாக்கத்தில் தற்காலிக அரசு அமைந்தது. அக்டோபர் 18 அன்று கீழூரில் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 178 பேரில் 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. 1963-ல் குபேர் முதலமைச்சர். அவர் பக்கம் மாறியது ஊருக்கே தெரியும், வரலாற்றுப் புத்தகத்திலும் இருக்கிறது. எதிர்த்த எட்டுப் பேரின் கணக்கும் இருக்கிறது. ஓஷியானியாவாக இருந்திருந்தால் 178-க்கு 178 என்று இருக்கும். குபேர் பிறந்ததிலிருந்தே இணைப்பு கேட்டு அழுதிருப்பார்.

நாவலில் வெறுப்பு வாரம் என்று ஒரு திருவிழா. ஆறாம் நாள் மேடையில் ஒருவன் எதிரி நாடான யூரேசியாவைத் திட்டிக்கொண்டிருக்கிறான். நடுவில் ஒரு துண்டுச்சீட்டு கைக்கு வருகிறது. வாக்கியத்தைக்கூட முடிக்காமல், குரலும் மாறாமல், எதிரியின் பெயர் மட்டும் ஈஸ்டேசியா ஆகிவிடுகிறது. கூட்டம் சுற்றிப் பார்க்கிறது. சுவரெல்லாம் தப்பான எதிரியின் படங்கள். இது துரோகிகளின் சதி என்று கத்திக்கொண்டே கிழித்தெறிகிறார்கள். மாறியதில் தப்பில்லை, எல்லோரும் மாறுகிறார்கள். மாறவேயில்லை என்று சத்தியம் செய்வதோடு, அந்தச் சத்தியம் பொய் என்பதையும் அந்த நிமிடமே மறந்துவிட வேண்டும். அப்புறம் ஆவணப் பிரிவுக்காரர்கள் ஒரு நாளைக்குப் பதினெட்டு மணி நேரம் உட்கார்ந்து பழைய பேப்பரையெல்லாம் திருத்துகிறார்கள். மலர் வேலை மாதிரியேதான்.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை இங்கே சொல்தா என்போம். ஜூலை 14 வந்தால் கோட்டு மாட்டி, பதக்கமெல்லாம் குத்திக்கொண்டு, கடற்கரைப் போர் நினைவுச்சின்னத்துக்குப் போய் நின்று பிரெஞ்சு தேசிய கீதம் பாடிவிட்டு வருவார். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம். ஆனால் அவர் சண்டை போட்டது வியட்நாமில், தங்களுக்குச் சுதந்திரம் கேட்டவர்களோடு. காலேஜ் படிக்கும் திமிரில் ஒருநாள் கேட்டேன்: "அங்க போய் யாருக்குத் தாத்தா விடுதலை வாங்கிக் கொடுத்தீங்க?" அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "உங்க ஆயாவுக்குப் பென்ஷன் வாங்கிக் குடுத்தேன், போடா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை இங்சாக் தாங்காது. அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டேதான் பாடினார்.

நாவலில் கட்சி புதிதாக உண்டாக்கும் மொழி விஷயத்தை அவளே நன்றாகப் புரிந்துவைத்திருந்தாள். அகராதியை வருடாவருடம் சுருக்கிக்கொண்டே போய், 2050-க்குள் தப்பாக யோசிக்கவே வார்த்தை இல்லாமல் செய்துவிடுவது திட்டம். 'ஃப்ரீ' என்ற வார்த்தை இருக்கும், ஆனால் நாயின் மேல் பேன் இல்லை என்று சொல்ல மட்டும்தான் உதவும். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு. நம் கடைத்தெருவில் அந்த வார்த்தையை அவ்வளவு தூரம் நாமே கொண்டுவந்துவிட்டோம். ரெண்டு வாங்கினால் ஒன்று ஃப்ரீ. சாயங்காலம் ஃப்ரீயா இருக்கியா? மூன்றாவது அர்த்தத்தில் அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சுருக்கப் பெயர்களைப் பற்றியும் ஆர்வெல் ஒன்று சொல்கிறார்: முழுப் பெயரைச் சொன்னால் கேட்பவன் ஒரு நொடியாவது யோசிப்பான், நாலு எழுத்தாகச் சுருக்கிவிட்டால் யோசனையே வராது. நம் கட்சிப் பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள், சுருக்கமாகச் சொல்லும்போது எந்தக் கட்சியிலாவது அந்த 'முன்னேற்றம்' காதில் விழுகிறதா?

செமினார் நன்றாகப் போயிற்றாம். நோட்ஸ் கேட்டு நாலு பேர் வந்தார்களாம்.

துண்டு கதையை அவளிடம் பாதிதான் சொன்னேன். மீதி இது. இரண்டு வருடத்துக்கு முன் அந்தப் பொருளாளர் இறந்துபோனார். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பதினாறாம் நாள் காரியத்துக்குக் கடலூர் போனேன். கூடத்தில் மாலை போட்டு பெரிய படம். நல்ல படம் வேறு கிடைக்காமல், மலரில் வந்த அந்தக் குழுப் படத்திலிருந்து அவரை மட்டும் வெட்டிப் பெரிதாக்கியிருந்தார்கள். இடது தோளில் வெள்ளைத் துண்டு, சிவப்புக் கரை. அவ்வளவு பெரிதாக்கியதில், நிழல் தப்பான பக்கம் விழுந்திருப்பது தெரிந்தது. முதலில் என் கண்ணில் பட்டதே அதுதான்.

யாரோ ஒரு உறவுக்காரர் படத்தைப் பார்த்து, வாத்தியார் துண்டெல்லாம் போடுவாரா என்று கேட்டார்.

"எங்க போட்டாரு. கையில குடுத்தாலும் வாங்க மாட்டாரு" என்றார் வாத்தியாரின் மனைவி.

"இல்லம்மா, விசேஷத்துக்குப் போடுவாரு. நான் சின்னப் பிள்ளையில பாத்திருக்கேன்" என்றான் மகன்.

அந்த அம்மா எழுந்து படத்துக்குப் பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். கண்ணாடியை முந்தானையால் துடைத்தார். "செவப்புக் கரை... ஆமா. வெள்ளிவிழா அன்னைக்கு நான்தான் பீரோவுலேருந்து எடுத்துக் குடுத்திருப்பேன்" என்றவர், என் பக்கம் திரும்பினார். "தம்பி, அந்த மலர் வேலையெல்லாம் நீங்கதானே பாத்தீங்க? அன்னைக்குத் துண்டு போட்டிருந்தாருல்ல?"

இலை போட்டுவிட்டார்கள், சாப்பிட வாங்க என்று உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

"போட்டிருந்தாரும்மா" என்றேன்.